முட்டை இல்லாத கேக் பிறந்த கதை

முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்மணியிடமிருந்துதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும். மயிலாப்பூர் மாமி யாரையோ சொல்லப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். இவர் இங்கிலாந்தில், பர்மிங்ஹாமில் வாழ்ந்தவர், பெயர் எலிசபெத். கணவர் ஆல்ஃபிரட் பேர்ட் மருந்துக்கடை வைத்திருந்தார், வேதியியல் தெரிந்தவர். முட்டை இல்லாமல் கஸ்டர்ட் இல்லை என்றிருந்த காலத்தில், மனைவிக்காக 1837-ல் சோளமாவை வைத்து ஒரு கஸ்டர்ட் பொடி தயாரித்தார். எலிசபெத்துக்கு ஈஸ்ட்டும் ஆகாது. அதற்கும் 1843-ல் வழி கண்டுபிடித்தார். சமையல் சோடாவோடு உலர்ந்த அமிலத்தூளைச் சேர்த்து, நடுவில் ஈரம் புகாமல் இருக்க மாவுப்பொருளும் கலந்தார். தண்ணீர் பட்டதும் கரியமில வாயு கிளம்பும், மாவு உப்பும். இன்று நம் அலமாரியில் சின்ன டப்பாவில் இருக்கும் பேக்கிங் பவுடர் அதன் வாரிசுதான்.

டிசம்பர் பிறந்ததும் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வீட்டுக்கு வீடு சுடும் முட்டை இல்லாத கேக்குக்கு ஒற்றைத் தகப்பன் கிடையாது. கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்காவது தலச்சேரி உரிமை கொண்டாடுகிறது. 1883-ல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, மாம்பள்ளி பாப்பு அதே மாதிரி சுட்டுக் கொடுத்தார் என்பது அந்த ஊர்க் கதை. நம்முடையது வேறு பரம்பரை.

உலகத்தில் மற்றவர்கள் முட்டையை விட்டது வேறு வழியில்லாமல்தான். முதல் உலகப்போர் சமயத்தில் அமெரிக்க வீடுகளில் முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் சேராத கேக் சுட்டார்கள். அதற்குப் ‘போர் கேக்’ என்றே பெயர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் ரேஷன் கணக்கு ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. வினிகரையும் சோடாவையும் கலந்து மாவை உப்ப வைத்துச் சமாளித்தார்கள். பஞ்சம் தீர்ந்ததும் பழையபடி முட்டைக்கே போய்விட்டார்கள். சென்னையில் நடந்தது அப்படியல்ல. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை வந்து இறங்கிக்கொண்டிருக்கும் ஊரில், வேண்டாம் என்று முடிவெடுத்துச் சுட்ட கேக் இது. அதனால்தான் நிலைத்துவிட்டது.

முட்டையை எடுத்துவிட்டால் மூன்று வேலைகளுக்கு ஆள் இல்லாமல் போகிறது. அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பது ஒன்று. சூடு ஏறியதும் இறுகி, கேக் உட்கார்ந்துவிடாமல் தாங்குவது இரண்டாவது. வெண்ணெயையும் ஈரத்தையும் பிரியவிடாமல் சேர்த்துக் கட்டுவது மூன்றாவது. மஞ்சள் கருவின் வேலை அது. காற்றுக்குப் பேர்ட்டின் தூள் போதும். மற்ற இரண்டுக்கும் ஆள் வந்தது ஒரு தகர டப்பாவில்.

சார்லஸ் பேஜ், ஜார்ஜ் பேஜ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 1866-ல் ஸ்விட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் பாலைச் சுண்டக் காய்ச்சி டப்பாவில் அடைக்கத் தொடங்கினார்கள். அந்த ஆங்கிலோ-ஸ்விஸ் கம்பெனி 1905-ல் நெஸ்லேயோடு சேர்ந்தது. 1912 முதல் இந்தியாவுக்குச் சரக்கு இறக்குமதியானது. 1961-ல் பஞ்சாபின் மோகாவில் தொழிற்சாலை வந்தபிறகு மில்க்மெய்ட் என்ற அந்த டப்பாப்பால் உள்நாட்டுச் சரக்காகிவிட்டது. காபிக்கும் டீக்கும் பால் கிடைக்காத நேரத்தில் ஊற்றிக்கொள்ள வந்த டப்பா அது. பிறகு கம்பெனியே அதை இனிப்பு செய்யும் சாமான் என்று விளம்பரம் செய்யத் தொடங்கியது. டப்பாவைச் சுற்றிய தாளில் வந்த செய்முறைகளைக் கத்தரித்து, சமையல் நோட்டில் ஒட்டிவைத்த வீடுகள் இங்கே ஏராளம். முட்டை இல்லாத கேக் நம்மிடம் பரவியதற்கு அந்தத் தாளும், பெண்கள் பத்திரிகைகளோடு வந்த சமையல் இணைப்புகளும்தான் காரணம் என்பேன்.

டப்பாப்பாலில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. மீதியில் இருக்கும் பால் புரதம் சூட்டில் கேக்கைத் தாங்கிப் பிடிக்கும். சர்க்கரை ஈரத்தை விடாது. இரண்டும் கூடி மேல்பக்கத்தைச் செம்பழுப்பாகச் சிவக்க வைக்கும். இதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உண்டு, அது நம் ஊர் வெயிலுக்கானது. இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லாம் வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடிக்கச் சொல்லும். வெண்ணெய் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் அது நடக்கும். மே மாதத்தில் நம் வீட்டு மேடையில் வைத்த வெண்ணெய் பத்து நிமிஷத்தில் எண்ணெயாக நிற்கும். விடிகாலை 22 டிகிரிக்கு இறங்கும் மார்கழியில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். டப்பாப்பாலில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்து கிடப்பதால், வெண்ணெயை உருக்கியே ஊற்றிவிடலாம். கை வலிக்க அடிக்கும் வேலை மிச்சம்.

கணக்கு பல வீடுகளில் ஏறக்குறைய ஒன்றுதான்: 400 கிராம் டப்பா ஒன்று, மைதா 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு ஸ்பூன், சமையல் சோடா ஒரு ஸ்பூன், கடையில் விற்கும் கோலிசோடா ஒரு டம்ளர். சோடாவைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் மாவு முழுக்கக் கொப்புளம் கிளம்பும். அதை ரசித்துக்கொண்டு நின்றால் கெட்டது. வாயு வெளியேறுவதற்குள் தட்டு சூட்டுக்குள் போய்விட வேண்டும். மைதா போட்டபின் ரொம்பக் கிளறினாலும் ஆகாது, கேக் ரப்பராகிவிடும். கலக்கத் தெரிந்தவர்கள் அங்கங்கே சின்னக் கட்டி இருந்தாலும் விட்டுவிடுவார்கள்.

சுட ஓவன்? ரொம்ப நாள் வரைக்கும் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. வசதி இருந்தவர்கள் மூடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த வட்ட அலுமினிய ஓவன் வாங்கினார்கள். மற்றவர்களுக்குக் குக்கர். அடியில் மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் கேக் பாத்திரம். முதல் பத்து நிமிஷம் மணல் காய வேண்டும், பிறகு சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். குக்கரின் அடி கறுத்துப்போகும் என்பதால் பழைய குக்கர் ஒன்று இதற்கென்றே பரணில் கிடக்கும்.

இவ்வளவும் சாமான் வந்த வழி. கேக் டிசம்பர் வழக்கமானதற்குக் காரணம் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் என்பது என் கட்சி. லஸ் மாதா கோயிலைப் போர்த்துகீசியர்கள் கட்டியது 1516-ல். சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896-ல் எழுந்தது. கபாலி கோயிலிலிருந்து இரண்டுமே நடை தூரம். கச்சேரி ஒரு பக்கம், திருப்பாவை ஒரு பக்கம், நட்சத்திர விளக்கு ஒரு பக்கம் என்று இருக்கும் இந்தத் தெருக்களில் தட்டு மாற்றிக்கொள்வது பழைய பழக்கம். தீபாவளிக்கு இந்த வீட்டிலிருந்து பட்சணம் போகும், கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து கேக் வரும். சிக்கல் அங்கேதான். வரும் கேக்கில் முட்டையும் இருக்கும், பழம் ஊறிய ரம்மும் இருக்கும். சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் சைவ வீட்டுக்காரர்கள்.

சிநேகிதிகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தபின் தனியாக ஒன்று சுட ஆரம்பித்தார்கள். ரம்முக்குப் பதில் திராட்சை ஜூஸ், முட்டைக்குப் பதில் டப்பாப்பால், மேலே டூட்டி ஃப்ரூட்டி. (பளபளக்கும் அந்தச் சிவப்பும் பச்சையும் பப்பாளிக்காய்தான், சாயம் ஏற்றிப் பாகில் போட்டது.) ‘இது உங்களுக்குன்னே பண்ணினது, தைரியமா சாப்பிடுங்க’ என்று சொல்லிக் கொடுக்கும்போது மறுக்க வழியே இல்லை. வந்த தட்டை வெறுமனே திருப்பக்கூடாது. திருவாதிரைக் களி போகும். அடுத்த வருஷம் இந்த வீட்டு மாமியும் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டு, பரணிலிருந்து குக்கரை இறக்கிவிடுவார்.

கடைகள் பின்னால்தான் வந்தன. பாக்கெட்டில் விற்கும் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி கட்டாயமானது. அந்தக் கணக்கில் முட்டை சேர்ந்தால் பச்சைப் புள்ளி கிடையாது. பேக்கரிக்காரர்களுக்கு ‘எக்லெஸ்’ தனி வியாபாரமாயிற்று. இன்று கண்ணாடி அலமாரியில் அதற்கென்று தனித் தட்டு, கூடவே கூடுதல் விலை. முட்டை செலவு இல்லாததற்கு ஏன் அதிகக் காசு என்று கேட்பவர்கள், டப்பாப்பால் என்ன விலை என்று ஒருமுறை விசாரிக்கட்டும்.

‘அது கேக்கே இல்லை, இனிப்பு ரொட்டி’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. முட்டை கேக்கின் லேசான பஞ்சுத்தன்மை இதற்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலின் கனமும், மறுநாள் ஏறும் சுவையும் முட்டை கேக்குக்கு வராது. இரண்டும் வேறு வேறு பண்டங்கள். ஒன்றை வைத்து மற்றதை எடை போடுவது நியாயமில்லை.

இந்த டிசம்பரில் நீங்களும் சுடப்போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். குக்கராக இருந்தால் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள், உள்ளே தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பும்போது முட்டை உண்டா, இல்லையா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.