நான்கு ஜப்பானியச் சரக்குந்துகள்: நிலைத்தவையும் மறைந்தவையும்

ஒரு வாகன மாதிரியின் உற்பத்தி நிறுத்தப்படுவதைச் சந்தையின் தீர்ப்பாகக் கொள்வது தொழில் வரலாற்றெழுத்தில் வேரூன்றிய பழக்கம். விற்றது நிலைத்தது, விற்காதது மறைந்தது என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. 1980-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்த நான்கு ஜப்பானிய இலகுரகச் சரக்குந்துகளின் வரலாறு அந்த விளக்கத்துக்குள் அடங்குவதில்லை.

அக்காலத்தில் பெரிய லாரிகளின் சந்தை டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), அசோக் லேலண்ட் ஆகிய இரண்டின் பிடியில் இருந்தது. சிறு சுமைகளுக்கு பஜாஜ் டெம்போவின் மூன்று சக்கர வண்டியும் மெட்டடோரும் பெரிதும் பயன்பட்டன. இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்ப மத்திய அரசு நான்கு கூட்டு முயற்சிகளுக்கு உரிமம் அளித்தது. உத்தரப் பிரதேசத்தின் சூரஜ்பூரில் டிசிஎம் டொயோட்டா, ஆந்திரத்தின் (இன்று தெலங்கானா) ஜஹீராபாதில் ஆல்வின் நிஸான், பஞ்சாபில் ஸ்வராஜ் மஸ்டா, மத்தியப் பிரதேசத்தின் பீதாம்பூரில் ஐஷர் மிட்சுபிஷி என 1985, 1986 ஆண்டுகளில் அவை அடுத்தடுத்து உற்பத்தியைத் தொடங்கின. நான்கு ஆலைகளும் பம்பாய், புணே, சென்னை, கல்கத்தா ஆகிய பழைய வாகனத் தொழில் மையங்களுக்கு வெளியே அமைந்தவை. பின்தங்கிய பகுதிகளுக்குத் தொழிலைக் கொண்டுசெல்லும் கொள்கையின் சாயலை இந்த இடத்தேர்வில் காணலாம்.

தொடக்கத்தில் பாகங்களை ஜப்பானிலிருந்து இறக்குமதி செய்து பூட்டுவது, பின்னர் ஆண்டுதோறும் உள்நாட்டுப் பங்கை உயர்த்துவது என்பது உரிம நிபந்தனை. இந்தக் கணக்கை முதலில் குலைத்தது நாணயச் சந்தை. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டபோது ஒரு டாலர் ஏறத்தாழ 240 யென்னுக்குச் சமமாக இருந்தது. 1988-இல் அது 130 யென்னை ஒட்டி நின்றது. அதே காலத்தில் ரூபாயும் டாலருக்கு எதிராகச் சரிந்ததால், ஜப்பானியப் பாகங்களின் ரூபாய் விலை ஏறத்தாழ இரட்டித்தது.

இரண்டாவது அடி 1986-இல் டெல்கோ சந்தைக்குக் கொணர்ந்த 407. உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட அவ்வண்டிக்கு யென் நெருக்கடி இல்லை. நாடு முழுவதும் பரவிய முகவர்களும், டெல்கோவின் இயந்திரங்களில் பழகிய பட்டறைகளும் அதற்குத் துணை நின்றன. 407 வென்றது, அந்த எண் இன்றளவும் விற்பனையில் உள்ளது. உள்நாட்டுப் பொறியியலின் வெற்றி என்று இதைச் சொல்வோரும், சந்தை அனுபவம் கொண்ட பெருநிறுவனத்தின் வெற்றி என்று சொல்வோரும் உண்டு. இரு தரப்புமே மற்ற நால்வரையும் தோற்ற ஒரே அணியாகப் பார்க்கின்றன. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நால்வரின் முடிவு ஒன்றல்ல. ஆல்வின் நிஸான் எண்பதுகளின் இறுதியில் மஹிந்திராவின் கைக்கு மாறிப் பின்னர் அதனுள் கரைந்தது. டிசிஎம் டொயோட்டா தொண்ணூறுகளின் நடுவில் டிசிஎம் டேவூ ஆனது. டைனா சரக்குந்து உருவான சூரஜ்பூரில் சியல்லோ கார் உருவாயிற்று. ஐஷரோ கேன்டர் வண்டியை வேரூன்றச் செய்து, மிட்சுபிஷியின் துணையின்றியே வளர்ந்து, 2008-இல் வோல்வோவுடன் கூட்டு நிறுவனம் அமைக்கும் நிலையை எட்டியது. ஸ்வராஜ் மஸ்டா கால் நூற்றாண்டு அதே பெயரில் நீடித்து 2011-இல் எஸ்எம்எல் இசுசு என்று பெயர் மாறியது.

யென்னின் ஏற்றம் நால்வருக்கும் பொது. 407-இன் போட்டியும் உரிம நிபந்தனையும் பொது. ஆகவே இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை இந்தியக் கூட்டாளிகளின் முன்வரலாற்றில் தேடவேண்டும். நிலைத்த இருவரும் டிராக்டர் செய்தவர்கள். ஐஷர் 1959 முதல் ஃபரிதாபாதில் டிராக்டர் செய்துவந்தது. ஸ்வராஜ் மஸ்டாவின் தாய் நிறுவனமான பஞ்சாப் டிராக்டர்ஸ், துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வடிவமைப்பைக் கொண்டு 1974-இல் ஸ்வராஜ் டிராக்டரை வெளியிட்டது. மறைந்த இருவரில் டிசிஎம் துணி, சர்க்கரை, இரசாயனத் தொழில்களில் வளர்ந்தது. ஆந்திர அரசு சார்ந்த ஹைதராபாத் ஆல்வின் குளிர்பதனப் பெட்டிக்கும் கைக்கடிகாரத்துக்கும் பெயர்பெற்றது.

டிராக்டர் தொழில் அளித்தது மூலதனத்தைவிட அரிய ஒன்று. வார்ப்படமும் பற்சக்கரமும் செய்து தரும் சிறு பட்டறைகளுடன் நெடுநாள் உறவு, டீசல் எஞ்சினைக் கையாண்ட தொழிலாளர்கள், பழுதுபார்ப்பு எட்டிய சிற்றூர்கள் ஆகியவை ஏற்கெனவே கையில் இருந்தன. இறக்குமதிப் பாகம் விலையேறும்போது உள்ளூர் மாற்றைத் தேடுவது அத்தகைய நிறுவனத்துக்குப் பழகிய வேலை. மற்ற இருவரும் அந்தச் சூழலைப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. யென் அதற்கு அவகாசம் தரவில்லை.

நான்கே நேர்வுகளைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது என்பது உண்மை. ஆல்வின் பேருந்துக் கூடு கட்டிய நிறுவனமும் ஆகும். எனவே வாகனத் தொழில் அதற்கு முற்றிலும் அந்நியமன்று. ஆயினும் கூடு கட்டும் திறன் வேறு, எஞ்சினுக்கும் பற்பெட்டிக்கும் உள்ளூரில் பாகம் வளர்க்கும் திறன் வேறு. ஒரு முரணும் கவனத்துக்குரியது: ஐஷர் 2005-இல் தன் டிராக்டர் தொழிலைச் சென்னையின் டாஃபேவுக்கு விற்றது, பஞ்சாப் டிராக்டர்ஸ் 2007-இல் மஹிந்திராவிடம் சென்றது. டிராக்டர் கைமாறிய பின்னும் அது தாங்கி வளர்த்த சரக்குந்து ஆலைகள் இயங்கின.

இவ்வாசிப்பு அண்மைக் காலத்துக்கும் பொருந்தும். 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி சூப்பர் கேரியின் டீசல் வடிவம் மறைந்தது. பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் அவ்வண்டி தொடர்ந்தது. கார்களுக்கெனச் செய்துவந்த 1.2 லிட்டர் எஞ்சின் மாருதியின் கையில் ஆயத்தமாக இருந்தது. இங்கும் மறைவை ஏவியது அரசின் விதி. மறைவின் எல்லையை வகுத்தது நிறுவனம் முன்பே சேர்த்து வைத்திருந்த திறன்.

ஆகவே நிறுத்தப்பட்ட மாதிரிகளை ஆய்வோர் விற்பனை எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. பாகம் வழங்கிய பட்டறைகளின் பதிவுகள், உரிமக் கோப்புகள், தொழிற்சங்க ஆவணங்கள் ஆகியவை தேடப்படவேண்டும். மாதிரி மறைந்த சில ஆண்டுகளிலேயே கழிவுத்தாளாகச் செல்பவை இவையே. அவை இன்றேல், எண்பதுகளின் தொழிற்கொள்கை பற்றிய வாதங்கள் வென்றவர்களின் ஆண்டறிக்கைகளை மட்டுமே சான்றாகக் கொண்டு நிகழும்.