கையெழுத்துப் பத்திரிகை: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தை முன்னிட்டு

கையெழுத்துப் பத்திரிகை என்பது, ஒரு குழுவினர் தாமே எழுதி, தாமே சித்திரம் தீட்டி, தாமே தைத்து அட்டை கட்டி, பெரும்பாலும் ஒரே பிரதியாக ஆக்கி, அந்த ஒரு பிரதியைத் தமக்குள்ளும் தம்மைச் சூழ்ந்த அன்பர்களுக்குள்ளும் கைமாற்றிப் படிக்கும் ஏடாகும். இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் கல்லூரிகளிலும், வாசகசாலைகளிலும், தெருமுனை இளைஞர் சங்கங்களிலும் இது பரவலாக வழங்கியது. இலங்கைத் தமிழர் இதனைக் கையெழுத்துச் சஞ்சிகை என்பர். ஓவியன் ஒருவனே எழுதி, வரைந்து, கட்டி முடிக்கும் புத்தகத்தை மேலைநாட்டார் தனியொரு கலைவகையாக மதித்துக் காட்சிசாலைகளில் வைத்துப் போற்றுகின்றனர். அதற்கு நிகராக நம்மிடையே வாழ்ந்த கையாக்க நூலோ, கலையென்னும் பெயரை ஒருபோதும் கோராமல், மாதந்தோறும் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து மறு வீட்டுத் திண்ணைக்குச் சென்றுகொண்டிருந்தது.

இதனை ஓலைச்சுவடியின் வழித்தோன்றல் என்று கொள்வோர் உளர். சுவடியில் இரு துளையிட்டு, ஒன்றில் நாராசம் என்னும் கம்பியைச் செருகி, மற்றொன்றில் கயிறு கோத்து, அக்கயிறு துளை வழியே உருவிக்கொள்ளாதபடி அதன் முனையில் கிளிமூக்கு என்னும் ஓலை நறுக்கை முடிந்துவைத்த பழைய லிகிதர்களின் சிரத்தை, கையெழுத்துப் பத்திரிகையின் தையலிலும் கட்டிலும் தொடர்கிறது என்பது மெய்யே. ஆயினும் காரணத்தால் இரண்டும் வேறானவை. சுவடி எழுதியவனுக்கு வேறு சாதனம் இருந்ததில்லை. கையெழுத்துப் பத்திரிகை எழுதியவனோ, 1835-இல் அச்சுரிமை தளர்த்தப்பட்டு, சிறு நகரங்களிலெல்லாம் அச்சுக்கூடங்கள் தோன்றிப் பல்லாண்டுகள் சென்றபின் எழுதினான். அச்சு இருக்கவும் கையால் எழுதியதே இதன் இலக்கணம். ஏன் அவ்வாறு எழுதினார்கள் என்ற கேள்விக்கு விடை காண்பதே இதன் வரலாற்றை அறிவதாகும்.

அக்கேள்வி கூர்மைப்படும் இடம் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில், ஒன்றுக்கொன்று பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே இடைவெளி கொண்ட இவ்விரு நகரங்களுக்குக் கிழக்கே, அருகிலேயே, சிவகாசி இருக்கிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ண லேபிள்களை அச்சிடும் தேவையிலிருந்து கிளைத்த சிவகாசி அச்சுத்தொழில், காலப்போக்கில் நாட்டின் நாள்காட்டிகளையும் பாடப்புத்தகங்களையும் அச்சிடுமளவுக்கு ஓங்கியது. பன்மையாக்கத்தின் தலைநகரம் பக்கத்தில் இருக்க, ஒரு பிரதிக்காக மாதமெல்லாம் உழைப்பது வறுமையொன்றின் விளைவாகவே இருக்க முடியாது.

இவ்வட்டாரத்தின் வாசிப்பு மரபோ மிக ஆழமானது. திருநெல்வேலி ஜில்லாக் கலெக்டராக இருந்த பென்னிங்டன் பெயரால் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் நிறுவப்பட்ட பென்னிங்டன் நூலகம், தமிழகத்தின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. அவ்வூர் 1910 வரை திருநெல்வேலி, பின் 1985 வரை இராமநாதபுரம், அதன்பின் விருதுநகர் என ஜில்லாக்களில் மாறிமாறி அடங்கியபோதும், அந்நூலகம் இடம்பெயரவில்லை. இராஜபாளையத்தில், 1936-இல் தொடங்கிய பஞ்சாலைத் தொழிலின் செழிப்போடு கலையபிமானமும் வளர்ந்தது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். அவ்வூரினரான மு. கு. ஜகந்நாத ராஜா, கிருஷ்ணதேவராயர் ஆண்டாளின் சரிதத்தைத் தெலுங்கில் பாடிய 'ஆமுக்த மால்யத' காவியத்தைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார்; ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை தெலுங்குக்குப் போய், இராஜபாளையத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பிய இந்நிகழ்ச்சியை எண்ணும்தோறும் மகிழத் தோன்றுகிறது. சிறுவர் இலக்கியத்துக்கு அதே அகாதெமியின் 2012-ஆம் ஆண்டுப் புரஸ்காரம் பெற்ற கொ. மா. கோதண்டமும் இவ்வூரினரே. மன்றமும் நூலகமும் மாலைநேர ஓய்வும் ஒருங்கே வாய்க்கும் இத்தகைய ஊர்களே கையெழுத்துப் பத்திரிகைக்கு உரிய விளைநிலம்.

இனி அதன் ஆக்கமுறை. ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார். ஆனால் குழுவில் மெய்யான அதிகாரம் கையெழுத்து அழகாக வாய்த்தவருக்கே உரியது. கதை, கவிதை, கட்டுரை, துணுக்கு, குறுக்கெழுத்துப் புதிர் என்று வந்து சேர்ந்தவற்றைப் பக்கக் கணக்கிட்டு, ஃபுல்ஸ்கேப் தாளிலோ அதை மடித்த அளவிலோ, பென்சிலால் மெல்லிய கோடிட்டுக்கொண்டு, தொட்டெழுதும் பேனாவால் அவர் பிரதி செய்வார். அச்சில் ஒரு பிழை நேர்ந்தால் எழுத்தை மாற்றிக் கோக்கலாம். இங்கே பக்கத்தின் கடைசி வரியில் ஒரு சொல் விடுபட்டாலும் பக்கம் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும், அல்லது அவ்விடத்தில் ஒரு பூவையோ கொடியையோ வரைந்து குறையை அலங்காரமாக்க வேண்டும். பத்திரிகையின் ஓரங்களில் படர்ந்த கொடிகளுள் எத்தனை கொடிகள் பிழைகளின்மேல் படர்ந்தவை என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

சித்திரங்களுக்கு இந்தியன் இங்க்கும் நீர்வண்ணக் கட்டிகளும் போதும். தலைப்பெழுத்துகளை நிழல் கொடுத்து எழுதுவதும், கதைக்கு ஒரு முழுப்பக்கப் படம் தருவதும் வார இதழ்களைப் பார்த்துக் கற்றவை. படம் வரையத் தெரியாத குழுவினர் வார இதழ்களின் படங்களையே கத்தரித்து ஒட்டினர். இவ்வட்டாரத்துக்கு அருகே கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976), சென்னை ஓவியப்பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, பின்னர் சிவகாசி அச்சின் வழியாகத் தம் தெய்வப் படங்களை நாட்டின் எண்ணற்ற வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவர். அப்படங்களை அனுதினமும் சுவரில் பார்த்து வளர்ந்த இளைஞர், முகப்பில் ஒரு சரஸ்வதியையோ முருகனையோ வரைய முற்படுகையில் அதே விழிகளும் அதே பட்டின் மினுக்கமும் கையில் வந்து நிற்பது இயல்பு.

கட்டும் வேலை தனிக்கலை. தாள்களை மடித்துக் கட்டுக் கட்டாக அடுக்கி, முதுகில் ஊசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, அட்டைக்கும் ஏட்டுக்கும் இடையே வண்ணத்தாள் வைத்து முடிப்பர். பசை மைதா மாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காதிருக்க அதில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது பைண்டர்களின் முறை. வண்ணத்தாள் கிடைக்காத ஊரில் சீலைத் துணித் துண்டே அட்டையாகும். பொங்கல் மலரும் தீபாவளி மலரும் வந்தால் இவ்வளவும் இருமடங்கு பிரயாசையோடு நடைபெறும்.

முடிந்த பிரதி ஊர்சுற்றப் புறப்படும். முன்னட்டையின் உட்புறத்தில் அங்கத்தினர் பெயர்ப் பட்டியலும், ஒவ்வொருவரும் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற விதியும் ஒட்டப்பட்டிருக்கும். சில குழுக்கள் வாசகசாலை மேசையில் பிரதியை வைத்து, அங்கேயே படித்துப்போகச் செய்தன. வேறூர்க் குழுவோடு ஏடு மாற்றிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நம் ஏடு அங்கே ஒரு வாரம், அவர்கள் ஏடு இங்கே ஒரு வாரம் என்னும் இம்மாற்றில், ஒருவர் பாணியை மற்றவர் கண்ணாரக் கண்டு கற்கலாம். ஒரே பிரதி வெளியூர் போய்விட்டால் திரும்பிவரும் வரை தம் மாத உழைப்பு முழுவதையும் பிறர் கையில் ஒப்படைத்திருக்கும் கலக்கத்தையும், அக்கலக்கத்தை மீறிய நம்பிக்கையையும் அச்சிதழ் நடத்துவோர் அறிய மாட்டார்கள்.

இவ்வேட்டின் சிறப்பங்கம் அதன் இறுதிப் பக்கங்கள். நான்கைந்து தாள்களை வெறுமையாக விட்டிருப்பர். படித்தவர் தம் அபிப்பிராயத்தை அங்கேயே எழுத வேண்டும். ஒருவர் கதையின் முடிவைக் கண்டிக்க, அடுத்து வாங்கியவர் அக்கண்டனத்தைக் கண்டிக்க, கதையெழுதியவர் தம் முறை வரும்போது இருவருக்கும் பதில் எழுத, பிரதி தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது முன்பில்லாத ஓர் அத்தியாயம் அதில் சேர்ந்திருக்கும். ஊர்ப் பெருமாளான வடபத்திரசாயிக்கு முன்னமே தான் சூடிப் பார்த்து மாலையைக் கொடுத்த ஆண்டாளின் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் பயன்படுத்தியதால் பெருமை குறையாமல் கூடும் பொருள்களும் உலகில் உண்டு. எழுதுவோன், படிப்போன் என்னும் இரு வகுப்பாரை ஒரே தாளில் ஒரே மையால் சமமாக்கிய இப்பக்கங்களே, கையெழுத்துப் பத்திரிகையை அச்சிதழின் ஏழைத் தம்பியாக அன்றித் தனித்த ஓர் உருவமாக்குகின்றன.

பெயர் நிலைத்த பத்திரிகைகள் சில. திருவாரூரில் மாணவராயிருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்னும் ஏட்டை நடத்தினார். ஐம்பது பிரதிகளைக் கையாலேயே எழுதி வழங்கிய அது, அழகைவிடப் பிரசாரத்தை நாடிய வகையைச் சேர்ந்தது. 1942-இல் 'முரசொலி' துண்டறிக்கையாகத் தோன்றியது அந்தப் பயிற்சியின் தொடர்ச்சியே. திருவரங்கத்தில் கவிஞர் வாலி தம் நண்பர்களுடன் நடத்திய 'நேதாஜி'யின் முதற்பிரதியைக் கல்கி வெளியிட்டார். அவ்விழாவுக்கு வந்திருந்த திருச்சி வானொலி அதிகாரி ஒருவரால் வாலிக்கு வானொலி நாடகம் எழுதும் வாய்ப்புக் கிட்டியது. அந்த ஏட்டில் பங்குகொண்ட இளைஞருள் ஒருவர் பின்னாளில் சுஜாதா என்று அறியப்பட்டார். திருநெல்வேலியில் வண்ணநிலவன் நடத்திய 'பொருநை' என்னும் கையெழுத்து ஏட்டில்தான் கலாப்ரியாவின் தொடக்ககாலக் கவிதைகள் இடம்பெற்றன.

இனித் தொடக்கத்துக் கேள்விக்கு விடை. பணச்செலவு ஒரு காரணம். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காகிதப் பஞ்சம் மற்றொன்று. 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி, பத்திரிகை அச்சிட்டு வெளியிடுவோர் மாஜிஸ்டிரேட் முன்னிலையில் பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது. அச்சேறாத ஏட்டுக்கு அந்தக் கடமை இல்லையாதலால், பள்ளி மாணவரும் அஞ்சாமல் ஆசிரியராகலாம். ஆனால் இவையனைத்தும் தடைகளைக் கூறுகின்றனவேயன்றி விருப்பத்தைக் கூறவில்லை. பல மொழிகளிலும் இவ்வுருவம் தானாகவே முளைத்திருப்பதைப் பார்க்கையில் விருப்பம் புலனாகும். வங்காளத்தில் சுகுமார் ராய் தம் தோழர்களைக் கூட்டி அமைத்த கழகம் 'சாடே பத்ரிஷ் பாஜா' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தியது. அவருடைய தந்தையோ அச்சுக்கலையில் இந்தியாவுக்கே முன்னோடியான உபேந்திர கிஷோர். வீட்டிலேயே அச்சகக் கல்வி இருந்தும் அவர் பேனாவை எடுத்தார். சபர்மதி ஆசிரமத்தார் 'மதபூடோ' என்னும் கையெழுத்து ஏடு வைத்திருந்தனர். இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் 1789-இல் தம் கவிதைகளைச் செப்புத்தகட்டில் தாமே எழுதி, செதுக்கி அச்சிட்டு, மனைவியின் துணையோடு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டினார். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய 'முசல்மான்' என்னும் உருது நாளேடு, அச்சேறுமுன் பக்கம் முழுவதையும் எழுத்துக்கலைஞர்கள் கையால் எழுதும் முறையை இருபத்தோராம் நூற்றாண்டிலும் விடவில்லை. எழுத்தின் பொருளோடு எழுதிய கையின் அசைவும் படிப்பவனைச் சென்றடைய வேண்டும் என்ற ஆசையே இவர்கள் அனைவருக்கும் பொது.

இலக்கிய வரலாறு எழுதுவோர் கையெழுத்துப் பத்திரிகையைப் பெரிய எழுத்தாளரின் பயிற்சிக்களம் என்ற அளவில் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றனர். இது நியாயமன்று. அதில் எழுதியவருள் மிகப் பெரும்பாலோர் அதற்குமேல் எங்கும் எழுதாதவர்கள்: ஆலைக் கணக்கர், பள்ளி ஆசிரியர், துணிக்கடைச் சிப்பந்தி. அவர்களுக்கு அது படிக்கட்டு அன்று. சென்றடைந்த இடமே அது. பெண்கள் பலர் தம் கதையைக் கடைத்தெருப் பத்திரிகைக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், தெரிந்த வீடுகளுக்குள் மட்டும் சுற்றும் ஏட்டில் எழுதுவதற்கு இசைவு பெறுவது எளிதாயிருந்திருக்கும்.

உருட்டச்சும், பின்னர் ஜெராக்ஸும் வந்தபின் ஒரே பிரதி என்னும் நிலை குலைந்தது. கையாக்க நூலின் அழகை இக்காலத்தில் வேறொரு வழியில் காப்பவர்கள் உளர். சென்னையில் 1994-இல் தோன்றிய தாரா புக்ஸ் பதிப்பகம், கையால் செய்த தாளில் பட்டுத்திரை அச்சிட்டு, கையால் தைத்து ஆக்கும் நூல்கள் உலகப் பரிசுகள் பெறுகின்றன. அவை போற்றத்தக்கவை, எனினும் விலைக்கு விற்கும் நூலும் முறைவைத்துப் படிக்கும் ஏடும் வெவ்வேறு வாழ்க்கை உடையவை.

பழைய ஏடுகள் நூலகங்களைவிட வீடுகளிலேயே மிகுதியாகக் கிடக்கத்தக்கவை. பதிவெண் இல்லாத, விலை குறிக்காத ஒரு பொருளை நூலகப் பட்டியல்கள் ஏற்க அறியாமையே காரணம். மரக்கூழ்த் தாள் பழுப்பேறி ஒடியும். இரும்பு கலந்த மை தாளைத் தின்னும். துத்தம் சேராத பசையை இராமபாணப் பூச்சி அரிக்கும். வார இதழிலிருந்து ஒட்டிய படம் உதிரும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் நூலுக்கு நிகராகப் பேணியது போல, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் உள்ள பழைய நூலகங்கள் இவ்வேடுகளுக்கென ஓர் அலமாரி ஒதுக்கலாம். அப்போது அட்டையைப் புதுப்பித்துக் கட்டாமல், பிரிந்த தையலைப் பிரிந்தவாறே வைத்து, முன்னட்டையின் பெயர்ப் பட்டியலையும் இறுதி அபிப்பிராயப் பக்கங்களையும் சேர்த்துப் படமெடுத்துப் பதிவது இன்றியமையாதது. ஏடு எந்தெந்த வீட்டுக்குச் சென்றது, யார் எத்தனை நாள் வைத்திருந்தார், யார் யாரோடு வாதிட்டார் என்பது அப்பக்கங்களில் அன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை.