ஜெய்ப்பூர்க் கால்: குந்தியிருக்கத் தெரிந்த ஒரு பாதத்தின் வரலாறு

ஒரு கருவியைச் செய்பவன், அதனைப் பயன்படுத்தப் போகிறவனின் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும் என்பது மிகச் சாதாரணமான உண்மையாகவே தோன்றும். நமது கிராமங்களில் மண்வெட்டிக்குப் பிடி போட்டவனுக்கு இதனை எவரும் கற்பிக்கவில்லை. பிடிக்கப் போகிறவரின் உயரத்தையும் அவரது நிலத்தின் மண்ணையும் அறிந்தே அவன் பிடி போட்டான். ஆனால் வைத்தியத்துறை பெரும் நிறுவனமாக வளர்ச்சி கண்ட இருபதாம் நூற்றாண்டில் இவ்வுண்மை பல இடங்களில் மறக்கப்பட்டது. பின்னர் அதுவே 'மனித மைய வடிவமைப்பு' என்ற பெயருடன் ஒரு பாடமாகத் திரும்பி வந்தது. கணினி முதலான சாதனங்களுக்கென இப்பெயரில் சர்வதேச நியமம் ஒன்று 1999 இல் வெளியாயிற்று. இன்று வைத்தியசாலைகளின் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கு இப்பாடத்தைப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன.

அந்த நியமம் வெளியாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ராஜஸ்தானின் தலைநகரில் ஒரு வைத்தியரும் ஒரு கைவினைஞரும் அதனைச் செய்து காட்டியிருந்தனர். அந்த வரலாறு நமது மண்ணோடும் தொடர்புடையது என்பதால் இங்கு எழுத விழைகிறேன்.

ஜெய்ப்பூரிலுள்ள சவாய் மான்சிங் வைத்தியசாலையில் எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணராக இருந்தவர் டொக்டர் பிரமோத் கரண் சேத்தி. 1927 இல் வாரணாசியில் பிறந்த இவர், எடின்பரோவில் சத்திரசிகிச்சைத் துறையில் உயர்தகைமை பெற்றுத் திரும்பியவர். காலிழந்தோருக்கு அக்காலத்தில் வழங்கப்பட்டது, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1950களில் உருவான 'சாக்' என்னும் பாதம். கணுக்கால் அசையாது, குதிப்பகுதி மட்டும் மெத்தென்றிருக்கும். அதன் மேல் சப்பாத்து அணிய வேண்டும். சமதளமான வீதியில் சப்பாத்தணிந்து நடந்து, கதிரையில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு அது நல்ல பாதமே.

ஆனால் சேத்தியிடம் வந்தவர்கள் அத்தகையோர் அல்லர். பெரும்பாலோர் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் ஆவர். அவர்கள் நிலத்தில் சம்மணமிட்டு உண்பவர்கள். குந்தியிருந்து வேலை செய்பவர்கள். மலங்கழிப்பதற்கும் குந்தியே ஆக வேண்டியவர்கள். வீட்டுக்குள்ளும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் காலணியைக் கழற்றி வைப்பது அவர்களது வழக்கம். நீர் நின்ற வயலில் சப்பாத்து ஊறி அழிந்தது. ஆகவே, செயற்கைக் காலைப் பெற்றுச் சென்றவர்கள் சில காலத்தில் அதனை மூலையில் போட்டுவிட்டு, ஊன்றுகோலுடன் திரும்பி வந்தனர். நோயாளிகளுக்கு அறிவுறுத்தல் போதாது என்று முடிவுகட்டுவது ஒரு வைத்தியருக்கு எளிது. சேத்தியோ, பிழை பாதத்தில்தான் உள்ளது என்று கண்டார்.

இங்குதான் ராம் சந்திர சர்மா வருகிறார். 'மாஸ்டர்ஜி' என்று அழைக்கப்பட்ட இவர், ஆரம்பப் பாடசாலைக்கு மேல் கல்வி பெறாத சிற்பக் கலைஞர். வைத்தியசாலையில் நோயாளிகளுக்குக் கைப்பணி பயிற்றுவித்து வந்தார். காலிழந்தோர் படும் அவதியை நாள்தோறும் கண்ட அவருக்கு, இதைவிட நல்ல காலைத் தம்மால் செய்ய முடியும் என்று தோன்றியது. அவரது துவிச்சக்கர வண்டியின் ரயர் ஒரு நாள் காற்றுப்போக, அதனைத் திருத்தச் சென்ற கடையில் லொறியின் தேய்ந்த ரயருக்குப் புது இறப்பர் ஏற்றி அவித்து இறுக்குவதைக் கண்டார் என்றும், பாதத்தையும் இவ்வாறே செய்யலாமே என்ற எண்ணம் அங்குதான் பிறந்தது என்றும் சொல்லப்படுகிறது.

1968 ஆம் ஆண்டளவில் அந்தப் பாதம் உருவாயிற்று. முழுவதும் இறப்பரால் வார்த்த தொடக்க மாதிரிகள் பாரமாகவும் விறைப்பாகவும் இருந்தன. எனவே உள்ளே கணுக்காற் பகுதிக்கு மரக்கட்டையும், குதிக்கும் முன்பாதத்துக்கும் நுண்துளை இறப்பர்த் துண்டுகளும் வைத்து, ரயரில் பயன்படும் நைலோன் இழைகளால் வலுவூட்டி, தோல்நிற இறப்பரால் போர்த்து அச்சில் அவித்தெடுத்தனர். மனித உடலின் அசைவுகளையும் எலும்புகளின் அமைப்பையும் சேத்தி விளக்கினார், கைப்பக்குவம் சர்மாவுடையது. டொக்டர் காஸ்லிவால், டொக்டர் உதாவத் ஆகியோரும் துணைநின்றனர். காலின் மேற்பகுதியை அலுமினியத் தகட்டில் தட்டிச் செய்தனர். பாத்திரம் செய்யும் கன்னாருக்குக் கைவந்த வேலை அது. இதனால் பட்டறை வைக்கப் பெருந் தொழிற்சாலை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்தது. அணிந்தவர் குந்தலாம், சம்மணமிடலாம், மேடுபள்ளத்தில் வெறுங்காலுடன் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம். அதற்கு எவரும் காப்புரிமை கோரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1978 இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் இப்பாதம் பற்றிய கட்டுரை வெளியானது. மூன்று வைத்தியர்களின் பெயர்களோடு, நான்காவதாகக் கைவினைஞர் ராம் சந்திராவின் பெயரும் அதில் இடம்பெற்றது. வைத்திய ஆய்வுலகில் இது அபூர்வமானது. எனினும் 1981 இல் மக்சேசே விருது சேத்திக்கு மட்டுமே கிடைத்தது. உலகம் வைத்தியரை நினைவு கொண்ட அளவுக்குக் கைவினைஞரை நினைவு கொள்ளவில்லை. எழுதுவோரும் பேசுவோரும் பட்டம் பெற்றவரின் பெயரையே முதலில் தேடுகின்ற வழக்கம் நமது பத்திரிகைத் துறைக்கும் உரியதுதான்.

முதல் ஏழாண்டுகளில் இப்பாதம் மிகச் சிலரையே சென்றடைந்தது. 1969 இல் வீதி விபத்தில் காலில் கடுங்காயமுற்று, காலை இழக்கும் நிலைவரை சென்று மீண்ட இந்திய நிர்வாக சேவை அதிகாரியான டி.ஆர். மேத்தா, 1975 இல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பை ஜெய்ப்பூரில் நிறுவினார். வந்தவருக்குத் தங்குமிடமும் உணவும் அளித்து, காலையும் இலவசமாகப் பொருத்தி அனுப்புவது அதன் முறை. தூரத்து ஊரிலிருந்து கூலியை இழந்து வருகின்ற ஒரு தொழிலாளியைப் பலமுறை அலைக்கழிக்கக் கூடாது என்ற எண்ணமே இதன் அடிப்படை. பாதத்தை வடிவமைத்ததற்கு நிகரான இன்னொரு வடிவமைப்பு இது எனலாம்.

தமிழ் வாசகர்கள் பலர் இக்காலை அறிந்தது நர்த்தகி சுதா சந்திரன் மூலமாகத்தான். 1981 இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே நிகழ்ந்த விபத்தின் பின் ஒரு காலை இழந்த அவர், ஜெய்ப்பூர்க் காலுடன் பயின்று 1984 இல் மீண்டும் மேடையேறினார். அவரது வாழ்வைத் தழுவிய 'மயூரி' என்ற தெலுங்குத் திரைப்படத்தில் 1985 இல் அவரே நடித்தார்.

இலங்கைக்கு இக்கால் வந்தது போரோடுதான். கொழும்பில் 1831 இல் தொடங்கப்பட்ட சிநேகித உதவிச் சங்கம் 1985 இல் ஜெய்ப்பூர்க் கால் திட்டத்தை ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் ஜெய்ப்பூர் நிலையம் உருவாயிற்று. மிதிவெடியும் எறிகணையும் கால்களைப் பறித்த காலத்தில், உள்ளூரிலேயே செய்யவும் திருத்தவும் கூடிய ஒரு கால் என்பது எத்தகைய வரம் என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர்கள் அறிவர்.

2003 ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தால் ஏ-9 பாதை திறந்திருந்த வேளையில், செய்தி சேகரிக்க வன்னிக்குச் சென்றிருந்தேன். மிதிவெடியில் காலிழந்த முதிய விவசாயி ஒருவரின் வீட்டு வளையில், பொலித்தீன் பையில் சுற்றிய செயற்கைக் கால் ஒன்று செருகியிருந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று கொடுத்தது என்றார்கள். "ஏன் ஐயா போடுறதில்லை?" என்று கேட்டேன். "தம்பி, உதைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போகலாம். வயலுக்கை இறங்கேலாது" என்றார் அவர். சேத்தியின் நோயாளிகள் 1960களில் சொன்னதும் இதுவே.

ஜெய்ப்பூர்க் காலில் குறைகளே இல்லை என்று கூறுவதற்கில்லை. அலுமினியத்துக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் குழாய்களால் செய்யப்பட்ட கால்களில், வெட்டுண்ட காலைப் பொருத்தும் கிண்ணம் சரியாக அமையாமை, அளவுப் பிசகு ஆகியவற்றை 2004 அளவில் வெளியான கள ஆய்வுகள் சுட்டிக்காட்டின. கால்களின் எண்ணிக்கையில் காட்டும் அக்கறையைத் தரத்திலும், பின்தொடர்ந்து கவனிப்பதிலும் காட்ட வேண்டும் என்பது சேத்தியின் கருத்தாகவும் இருந்தது. மனிதரைப் பார்த்து உருவான ஒரு பொருள்கூட, தொகையாகச் செய்யப்படும்போது மனிதரை மறந்துவிடக் கூடும். சேத்தி 2008 ஜனவரியில் காலமானார்.

அதே காலப்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ஜெய்ப்பூர் அமைப்புடன் சேர்ந்து, முழங்காலுக்கு மேல் இழந்தோருக்காக மலிவான மூட்டொன்றை எண்ணெய் ஊட்டிய நைலோனில் உருவாக்கினர். 2009 இன் சிறந்த 50 கண்டுபிடிப்புகளில் ஒன்றாக 'டைம்' சஞ்சிகை அதனைத் தெரிவு செய்தது. உலகின் பெரும் பல்கலைக்கழகமொன்றின் மாணவர்கள், நோயாளிகள் எவ்வாறு நடக்கின்றனர் என்பதை அறிய மாஸ்டர்ஜியின் ஊருடன் கைகோத்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

நமது நிலைமைக்கு வருவோம். போர் 2009 இல் முடிந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கை 2018 ஜூன் முதல் இலங்கையைக் கட்டுப்படுத்துகிறது. வெடிகள் அகற்றப்பட்டாலும் காலிழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிகிற பொருளன்று. அது சில ஆண்டுகளில் தேயும், மாற்ற வேண்டும். குழந்தையாக இருந்து காலிழந்தவருக்கு வளர்ச்சிக்கேற்பப் பலமுறை மாற்ற வேண்டும். வயதேற ஏற வெட்டுண்ட கால் சுருங்கும். கிண்ணம் பொருந்தாமற் போகும். நீரிழிவால் காலிழப்போரும் உளர். போர்க்காலத்தில் வந்த உதவிகள் குறைந்துபோகும் இவ்வேளையில், நமது பட்டறைகளும் அவற்றில் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர்களும் நிலைத்திருப்பது மிக அவசியம்.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு உதவ விரும்பிப் பொருட்களை அனுப்புகின்றனர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. அனுப்பும் முன்னர், அதை அணியப் போகிறவர் காலையில் எழுந்து எங்கெங்கு நடக்கிறார், எதில் அமர்கிறார் என்று கேட்டறியுங்கள். அனுப்பிய பின்னர், அதைத் திருத்தப் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.