தீ வைத்தவர்
மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய நாளிதழில், கடன் வசூலிக்க வந்த ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கும்பல் வீட்டுக்கு ‘எரியூட்டியது’ என்று செய்தி. அந்தச் சொல் உறுத்தியது. எரியூட்டுவது இன்று சுடுகாட்டில், கொள்ளி வைக்கும் மகன் செய்வது. அதற்கும் முன்னே, தொல்காப்பியம் வஞ்சித்திணையில் ‘எரிபரந்தெடுத்தல்’ என்று ஒரு துறையே வைத்திருக்கிறது. பகைவர் நாட்டைக் கொளுத்துவது அன்று பாடத்தக்க வீரம்! மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 436ஆம் பிரிவு, வீட்டைக் கொளுத்துவதை மலாயில் ‘கியானத்’ என்கிறது. அரபுச் சொல், மூலத்தில் நம்பிக்கைத் துரோகம்; சட்டத்தில் நாசவேலை ஆகிவிட்டது. கலிபோர்னியாவில் இக்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் போலீசில் பெயர் பதிய வேண்டும். அப்படியொரு பதிவேடு இங்கும் வந்தால் ‘எரியூட்டாளர்’ வேண்டாம், ‘தீவைப்பாளர்’ போதும். தீ தானாகவும் பிடிக்கும். ‘வை’ என்றதும் ஒரு கையும் அதன் நோக்கமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.