மக்காத பொருளும் மலாயா மண்ணும்

மண்ணில் விழுந்தது மண்ணோடு மண்ணாகும் என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. உதிர்ந்த இலை மக்கி உரமாகும். உறுதியான இரும்பும் துருவேறி உதிரும். இந்த நியதிக்கு எளிதில் அடங்காத ஒரு பொருளை மனிதன் படைத்து நூற்றாண்டுக்குச் சற்று மேலாகிறது. அதுவே பிளாஸ்டிக். அதன் வரலாற்றில் மலாயா மண்ணுக்கும் ஓர் இடமுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாக் காடுகளில் 'கெத்தா பெர்ச்சா' மரங்கள் வளர்ந்திருந்தன. அம்மரத்தின் பால் இறுகிய பிசினை வெந்நீரில் இட்டால் குழையும். ஆறினால் கொடுத்த வடிவிலேயே கெட்டிப்படும். மலாய் மக்கள் அதனால் பாராங் கத்திக்குப் பிடி அமைத்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரால் கெடாத அப்பிசின், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கம்பிக்கும், 1866இல் அட்லாந்திக் பெருங்கடலைக் கடந்த கம்பிக்கும் அதுவே காப்பு. கண்டங்கள் பேசிக்கொண்டன, காடுகள் வீழ்ந்தன. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் அவ்வினம் பல இடங்களில் அருகிப்போயிற்று.

இந்நிலையில், 1907இல் அமெரிக்காவில் லியோ பேக்லண்ட் முழுவதும் செயற்கையான 'பேக்கலைட்' என்னும் பிளாஸ்டிக்கை உருவாக்கினார். 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில், கிப்சன், ஃபாசெட் என்னும் வேதியியலறிஞர் இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தியபோது, மெழுகு போன்ற வெண்பொருள் எஞ்சியது. அதுவே பாலிதீன். அதன் தொடக்ககாலப் பயன்களுள் ஒன்று எது தெரியுமா? கடலடிக் கம்பிக்கு உறையாவதே! மலாயாவின் மரப்பிசின் இருந்த இடத்தைச் செயற்கைப் பொருள் பிடித்துக்கொண்டது. இன்று கடைதோறும் காணப்படும் பை அதன் வழித்தோன்றலே.

பாலிதீன் எளிதில் மக்குவதில்லை. வெயிலில் நொறுங்கித் துகள்துகளாகிறது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை நுண்பிளாஸ்டிக் என்பர். 2004இல் ரிச்சர்ட் தாம்சனும் அவருடன் ஆய்ந்தோரும் கடலில் அவை கலந்திருப்பதை உலகிற்கு உணர்த்தினர். நிலத்தின் பக்கம் அறிஞர்தம் கவனம் திரும்பச் சில ஆண்டுகள் சென்றன. 2012இல் பெர்லினைச் சேர்ந்த மத்தியாஸ் ரில்லிக் மண்ணின் நிலை என்ன என்று வினவினார். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிட்னியின் தொழிற்பகுதி மண்ணில் 6.7 விழுக்காடு வரை பிளாஸ்டிக் காணப்பட்டது. சாலையில் தேயும் உருளிப்பட்டையும், துணி துவைக்கையில் உதிரும் செயற்கை இழையும், கழிவுநீர்ச் சேறும் இத்துகள்களைப் புறநகர் மண்ணில் சேர்க்கின்றன. உழவனின் நண்பனாகிய மண்புழுவே அவற்றை ஆழத்திற்குக் கொண்டு செல்கிறது. மண்ணின் கட்டமைப்பும் நீரைத் தாங்கும் இயல்பும் இவற்றால் மாறக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

பால் புறப்பட்ட நாட்டுக்கே அதன் இடத்தைப் பிடித்த பொருள் குப்பையாய் வந்து சேர்ந்ததுதான் வரலாற்றின் விந்தை. உலகின் கழிவுப் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கை வாங்கிவந்த சீனா, 2018 முதல் தன் கதவை அடைத்தது. கப்பல்கள் தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பின. கிள்ளானுக்குத் தெற்கே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஜெஞ்சாரோமில் உரிமமில்லா ஆலைகள் முளைத்தன. உருக்கி விற்கத் தகாதவை வெளியில் குவிக்கப்பட்டன, எரிக்கவும் பட்டன. நச்சுப் புகையால் அல்லலுற்ற ஊர்மக்கள் தாமே சான்றுகளைத் திரட்டி முறையிட்டனர், ஆலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதம் பாசெல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2020 ஜனவரிக்குள் 3,737 டன் கழிவு அடங்கிய 150 கொள்கலன்களை மலேசியா 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தது.

கொள்கலனில் இருந்தது திரும்பிச் சென்றது. ஆனால் நொறுங்கி மண்ணில் கலந்த துகளை எந்தக் கப்பலில் ஏற்றுவது? எந்த நாட்டின் பெயரை அதன்மீது எழுதுவது? சட்டம் துறைமுகத்தில் கழிவைத் தடுக்கலாம். மண்ணுள் புகுந்ததைப் பிரித்தெடுக்க இயலாது. அன்று வெட்டுண்ட காட்டைக் காத்திருக்க வேண்டிய காலம் வெட்டுமுன்னரே இருந்தது. மண்ணைக் காக்கும் காலமும் அத்தகையதே. பொருள் கையில் இருக்கும்போதே அதன் முடிவை எண்ணும் மக்களே தம் மண்ணைக் காப்பர்.