அக்னி நட்சத்திரத்திலும் பூக்கும்! விருதுநகர் வெயிலுக்கு ஏத்த பூச்செடிகள்

சித்திரை மாசம் மதுரையில கள்ளழகர் வைகையில இறங்கும்போது சூடியிருக்கிற மாலை எங்கேருந்து போகுது தெரியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில்ல இருந்து! பெரியாழ்வார் நந்தவனம் வெச்ச ஊரே விருதுநகர் மாவட்டத்துலதான் இருக்கு. அதனால, ‘இந்தக் கந்தக பூமியில என்னங்க பூக்கும்?’னு யாராவது கேட்டா தாராளமா சிரிச்சுக்கலாம்.

பிரச்னை வெயில் இல்லை, தண்ணிதான். சிவகாசி, சாத்தூர் பக்கம் பல தெருக்கள்ல குழாய்த் தண்ணி தினமும் வர்றதில்லை. வந்த அன்னிக்குப் பிடிச்சுவெச்ச குடத்துல இருந்து செடிக்கு ஊத்தினா வீட்டுல திட்டு விழும், அது நியாயமும்கூட. ஸோ, எந்தச் செடி அழகுங்கிறதைவிட, எந்தச் செடி குறைஞ்ச தண்ணியில பூக்கும்ங்கிறதுதான் இங்கே முதல் கேள்வி.

அதுக்கு முதல் பதில், காகிதப்பூ. போகன்வில்லாவுக்குத் தண்ணியைக் குறைச்சாதான் பூவே வரும். தினமும் ஊத்தினா இலையா வளர்த்துட்டு நிக்கும். மண் நல்லா காய்ஞ்ச பிறகு ஒரு தடவை ஊத்தினா போதும். நாம பூன்னு நினைக்கிற கலர் பகுதி உண்மையில இலையோட மாறுபட்ட வடிவம். நடுவுல குட்டியா வெள்ளையா இருக்கே, அதுதான் பூ. 1760-களில் பிரெஞ்சுக் கடற்பயணி போகன்வில் உலகத்தைச் சுத்தினப்போ, பிரேசில் கரையில அவர் குழுவோட தாவரவியலாளர் இதைச் சேகரிச்சார். அவருக்கு உதவியாளரா ஆண் வேஷத்துல போன ழான் பாரேதான் உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணா அறியப்படுறவர்.

அடுத்தது பத்துமணிப் பூ, அதாவது டேபிள் ரோஸ். பக்கத்து வீட்டுல ரெண்டு இன்ச் தண்டு கிள்ளி வாங்கிட்டு வந்து நட்டாலே பிடிச்சுக்கும். இலையிலயும் தண்டுலயும் தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கிற செடி இது. வெயில் ஏற ஏற விரியும், மதியம் தாண்டினா சுருங்கிடும். நிழல்ல வெச்சா மொட்டோட நிக்கும். நம்ம ஊர் பூச்சட்டி வெடியில சிவப்பு வேணும்னா ஸ்ட்ரான்ஷியம் உப்பு வேணும். இந்தப் பூவோ பீட்ரூட்ல இருக்கிற அதே வகை நிறமியை வெச்சு அந்த வேலையை முடிச்சிடுது. காகிதப்பூவும் அப்படித்தான்.

நித்தியகல்யாணியைப் பத்தித் தனியா சொல்லவே வேண்டாம். சுவர் இடுக்குல விழுந்த விதைகூட முளைச்சுப் பூக்கும். ‘சுடுகாட்டுப் பூ’ன்னு ஒதுக்குறவங்க இன்னும் இருக்காங்க. ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கான வின்கிறிஸ்டின் மருந்தே இந்தச் செடியில இருந்துதான் பிரிச்செடுக்கப்பட்டது. அதுக்காக சுகருக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப் பார்த்து இலையை மெல்லாதீங்க, அதுல இருக்கிறது வீரியமான நச்சு.

அரளியும் இந்த வெயிலுக்கு அசராது, உப்புத் தண்ணியையும் தாங்கும். ஆனா வேர் முதல் பூ வரை விஷம். 2024 மே மாசம் கேரளாவுல திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் கோயில் நைவேத்தியத்துல, பிரசாதத்துல அரளிப் பூவை நிறுத்தினதுக்கும் இதுதான் காரணம். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து.

மல்லி மட்டும் கொஞ்சம் செல்லம்

2013-ல் புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி, நம்ம மாவட்டத்துலயும் விளையுறதுதான். கோடைதான் அதுக்கு சீசன். அப்போ சந்தையில வரத்து கூடி விலை இறங்கும், மார்கழியில வரத்து குறைஞ்சு எகிறும். வீட்டுல ஒரு செடி வைக்க குறைஞ்சது ஆறு மணி நேர வெயில் வேணும், தண்ணியும் மத்ததைவிட அதிகம் கேட்கும். மொட்டு ஊதா நிறமா மாறி உதிர்ந்தா மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழிச்சுட்டு, சாயங்காலம் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிங்க. கரிசல் மண்ணை மட்டும் போட்டு தொட்டி நிரப்பாதீங்க. ஈரத்துல உப்பி, காய்ஞ்சா வெடிச்சு வேரை அறுத்துடும். செம்மண், மணல், மட்கின சாணம் கலந்துக்கோங்க.

தண்ணிக்கு என்ன பண்றது? அரிசி கழுவின தண்ணி ஓகே. ஏசியில இருந்து சொட்டுற தண்ணியில உப்பே கிடையாது, மல்லிக்கு அது சூப்பர். ஆர்.ஓ மெஷின் கழிவுத் தண்ணியில உப்பு இன்னும் அதிகம்ங்கிறதால அதை அரளி, காகிதப்பூவுக்கு மட்டும் விடுங்க. காலையில ஏழு மணிக்குள்ள, இல்லைன்னா பொழுது சாய்ஞ்சு ஊத்தணும். தொட்டி மேல கடலைத் தோலோ காய்ஞ்ச இலையோ பரப்பினா ஈரம் நிக்கும். மாடித் தரைச் சூடு வேரைத் தாக்காம இருக்க, ரெண்டு செங்கல் வெச்சு அதுமேல தொட்டியைத் தூக்கி வைங்க. அடித்தட்டுல தண்ணி தேங்கினா டெங்கு கொசுதான் வளரும்.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கே உரிய எச்சரிக்கை. பட்டாசு ஆலையில மருந்து வந்த டிரம், சாக்கு சல்லிசா கிடைக்குதேன்னு தொட்டியாக்காதீங்க. ‘நைட்ரேட் உரம்தானே’ன்னு சொல்வாங்க. பொட்டாசியம் நைட்ரேட் உரம்தான், பேரியம் நைட்ரேட் விஷம். அதுபோக, ஒட்டியிருக்கிற உப்பு காய்ஞ்ச சருகோட சேர்ந்தா, ஒரு தீப்பொறி போதும் பத்திக்க. பெயின்ட் வாளியைக் கழுவி, அடியில ஓட்டை போட்டுக்கிறது எவ்வளவோ மேல்.

பூத்து முடிஞ்ச மல்லியை நவம்பர் கடைசியில தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடுங்க. மார்ச் வாக்குல மொட்டு கட்ட ஆரம்பிச்சிடும்.