டீசல் நாசிலும் ஊசியில்லா ஊசியும்

பழைய டீசல் காரோட இஞ்செக்டருக்கும் பெரியம்மை ஒழிப்புக்கும் ஒரு சொந்தம் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா நண்பர்களே? இருக்கு. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் காயம் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட் தான். வண்டி வச்சிருக்கவங்க, வீட்ல மெக்கானிக் இருக்கவங்க முழுசா படிச்சிருங்க.

முதல்ல இஞ்செக்டர் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் எஞ்சின்ல பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அது பயங்கரமா சூடாகுற அளவுக்கு அழுத்தி, அந்த நேரம் பார்த்து டீசலை உள்ளே பீய்ச்சணும். பீய்ச்சுன உடனே தானா பத்திக்கும். ஆனா டீசல் சொட்டா விழுந்தா பாதி எரியும், பாதி புகையாகும். பனிமூட்டம் மாதிரி பொடிப்பொடியா விழணும். அதுக்கு அழுத்தம் வேணும்.

ருடால்ஃப் டீசலோட எஞ்சின் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓடிக் காட்டியபோது இந்த வேலையைச் செய்தது அழுத்தப்பட்ட காற்று. எரிபொருளை உள்ளே ஊதித் தள்ளுறதுக்கு மட்டும் தனியா ஒரு கம்ப்ரஸர் வேணும். எஞ்சினே ஒரு ஆளை விட உயரம், எடை டன் கணக்கு. கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் சரி, காருக்கு இதை எப்படி மாட்டுறது? (டீசல் மனுஷன் 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது நடுக்கடல்ல காணாமல் போனார். அது தனி த்ரெட் போடுற கதை.)

அந்தக் கம்ப்ரஸரைத் தூக்கிப் போட வழி செஞ்சது ஸ்டுட்கார்ட் நகரத்து ராபர்ட் பாஷ். 1922-ல் வேலையைத் தொடங்கி 1927-ல் டீசல் இஞ்செக்ஷன் பம்ப்பைத் தொழிற்சாலையில் வரிசையா தயாரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. காற்று வேண்டாம், டீசலையே நேரா அழுத்தி நாசில் வழியா அனுப்பு. அவ்வளவு தான் யோசனை. முதலில் லாரிகளுக்குப் போச்சு. 1936-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் 260 டி கார் வந்தது. 2.5 லிட்டர் எஞ்சின், 45 குதிரைத்திறன். வாங்கினவங்கள்ல நிறைய பேர் டாக்சிக்காரங்க. செலவு கம்மி ஆச்சே.

சரி, இந்த நாசில் கெட்டுப் போனா எப்படித் தெரியும்?

நான் மெக்கானிக் இல்லை, எம்.பி.பி.எஸ் படிச்ச அரசு டாக்டர். ஆனா பழைய டீசல் எஞ்சினை மெக்கானிக் சோதிக்கிற முறையைப் பார்த்தா அப்படியே எங்க ஓ.பி மாதிரி இருக்கும். அறிகுறியைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, கடைசியில் தான் டெஸ்ட்.

உதாரணத்துக்கு 1975-ல இருந்து பத்து வருஷத்துக்கு மேல உலகமெல்லாம் டாக்சியா ஓடின மெர்சிடிஸ் 240 டி-யை எடுத்துக்கோங்க. அதோட எஞ்சின் குடும்பம் நமக்கும் தூரம் இல்லை, நம்ம ஊர் டெம்போ ட்ராக்ஸ்ல ஓடினது இதே வழி வந்த எஞ்சின் தான்.

காலையில் ஸ்டார்ட் ஆக மூச்சு வாங்குது, ஐடில்ல உதறுது, "டக் டக்"னு இடிக்குது, ஏத்தத்துல பிக்கப் இல்லாம கரும்புகை கக்குது. இது தான் அறிகுறிகள். நாலு சிலிண்டர்ல எது நோயாளி? எஞ்சினை ஐடில்ல ஓட விட்டு, ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் போற பைப்பின் நட்டை ஸ்பேனரால லேசா தளர்த்துவாங்க. நல்லா வேலை செய்யுற சிலிண்டரைத் தளர்த்தினா எஞ்சின் திணறும். எதைத் தளர்த்தினாலும் திணறல்ல மாற்றமே இல்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யலைன்னு அர்த்தம்.

இங்கேயே நாசில் மேல பழி போடக் கூடாது. வால்வு கசிஞ்சாலும், கம்ப்ரஷன் போனாலும் இதே மாதிரி தான் இருக்கும். அதனால நல்ல மெக்கானிக் சந்தேகப்பட்ட இஞ்செக்டரைக் கழட்டி வேற சிலிண்டர்ல மாட்டிப் பார்ப்பார். கோளாறும் கூடவே இடம் மாறினா குற்றவாளி இஞ்செக்டர் தான். மாறலைன்னா எஞ்சினைப் பாருங்க. இதைச் செய்யாம நாலு நாசிலையும் மாத்தச் சொல்றவரிடம் காரணம் கேளுங்க.

கழட்டின இஞ்செக்டரை கையால அடிக்கிற ஒரு டெஸ்டர் பம்ப்ல மாட்டுவாங்க. இது தான் எங்க ஸ்கேன் மாதிரி. மேல மீட்டர் இருக்கும். கைப்பிடியை அமுக்க அமுக்க அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்துல "கர்ர்ர்"னு சத்தத்தோட பீய்ச்சும். அந்த 240 டி-க்குப் புது நாசில்னா 115 முதல் 125 பார்ல திறக்கணும். அதுக்குக் குறைவா திறந்தா ஸ்பிரிங்குக்கு மேல மெல்லிய ஷிம் வச்சு ஏத்துவாங்க. பீய்ச்சல் ஒரே சீரான கூம்பா வரணும், ஒரு பக்கமா ஒழுகக் கூடாது. திறக்கிற அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே சில வினாடி நிறுத்தி வச்சாலும் நுனியில ஒரு சொட்டு கூடத் தொங்கக் கூடாது.

சர்வீஸ் பண்ணும்போது நாசிலுக்குள்ள இருக்கிற ஊசியையும் அதோட கூட்டையும் ஜோடி மாத்திடக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். நம்ம ரத்தச் சிவப்பணுவோட குறுக்களவு 7 மைக்ரானுக்கு மேல. யோசிச்சுப் பாருங்க, ஒரு சிவப்பணுவோட குறுக்களவை விடச் சின்ன இடுக்கு அது. சுத்தமான டீசல்ல கழுவி, பித்தளை பிரஷ்ல கரியை எடுத்து, மாட்டும்போது கீழே புது வாஷர் போடணும். டீசல் பில்டரை நேரத்துக்கு மாத்தினாலே பாதி பிரச்சினை வராது.

இப்போ அந்த 115 பார்க்கு வாங்க. நம்ம கார் டயர்ல இருக்கிறது சுமார் 30 பிஎஸ்ஐ. 115 பார்ங்கிறது 1,650 பிஎஸ்ஐ-க்கு மேல. மனிதத் தோலைத் துளைக்க சுமார் 100 பிஎஸ்ஐ போதும்.

புரியுதா எங்க வர்றேன்னு?

நாசில் பீய்ச்சுதான்னு விரலை வச்சுப் பார்க்கிறது, கசியுற பைப்பைத் துணியால் துடைக்கிறது, இதெல்லாம் எஞ்சின் வந்த காலத்திலேயே ஆரம்பிச்ச பழக்கம். 1937-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ரீஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். டீசல் எஞ்சினின் அழுத்தத்தில் எரிபொருள் மனிதத் திசுவுக்குள் புகுந்த காயம் பற்றியது. இந்த வகைக் காயத்துக்கு மருத்துவ உலகம் காட்டுற முதல் பதிவு அது தான். முதல் டீசல் கார் கண்காட்சிக்கு வந்து ஒரு வருஷம் தான் ஆகியிருந்தது.

அதே 1930-களில் இன்னும் சிலருக்கு வேற மாதிரி யோசனை ஓடுச்சு. "ஊசியே இல்லாம தோலுக்குள்ள திரவம் போகுதே, அது டீசலா இல்லாம மருந்தா இருந்தா?" மார்ஷல் லாக்ஹார்ட் என்பவர் 1936-ல் இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சார், 1943-ல் கிடைச்சது. ராபர்ட் ஹிங்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் அதைக் கையில் எடுத்து, 1947-ல் நோயாளிகளிடம் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். கருவியின் பெயர் ஹைப்போஸ்ப்ரே. ஸ்டார் ட்ரெக் பார்த்தவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும்!

தலைமுடி தடிமன் துளை, பின்னாடி ஸ்பிரிங், முன்னாடி மருந்து. ஒரு இஞ்செக்டர் தானே இது?

ராணுவத்துக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வரிசையில ஆயிரக்கணக்கான வீரர்கள் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஊசியைக் கொதிக்க வச்சுக்கிட்டு இருக்க முடியுமா? 1950-களில் ஒரே துளை வழியா எல்லாருக்கும் அடிக்கிற ஜெட் துப்பாக்கி வந்தது. ஆரன் இஸ்மாக் என்பவர் பெரியம்மைத் தடுப்பூசி தோலுக்குள்ளேயே தங்குற மாதிரி இதுக்குத் தனி நாசில் செஞ்சார். கரண்ட் இல்லாத ஊருக்காக காலால மிதிச்சு இயக்குற வடிவமும் வந்தது. பேரே பெட்-ஓ-ஜெட். மணிக்கு ஆயிரம் பேருக்குப் போடலாம். 1967-ல் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் 20 நாடுகளில் இதைத் தூக்கிட்டு கிராமம் கிராமமா போனாங்க. 1970 மே மாதத்துக்குப் பிறகு அந்த 20 நாடுகளில் பெரியம்மை இல்லை.

எல்லாப் புகழும் ஜெட்டுக்கேன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம நாட்டில் 1975-ல் பெரியம்மையை முடிச்சு வச்சதில் பெரிய பங்கு ரெண்டு முனை உள்ள ஒரு சாதாரண ஊசிக்கு உண்டு. விலை மலிவு, ரிப்பேர் ஆகாது. பெட்-ஓ-ஜெட் அடிக்கடி மக்கர் பண்ணும். அதைக் கழட்டிச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள் கூடவே வரணும்.

அதை விடப் பெரிய கோளாறு பின்னாடி தெரிஞ்சது. சொட்டு தொங்கக் கூடாதுன்னு நாசிலுக்குச் சொன்னேன் இல்லையா? அடிச்சு முடிச்சதும் ஒருத்தர் தோலில் இருந்து கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி பின்பக்கமா தெறிச்சு நாசில்ல ஒட்டிக்கும். அடுத்தவர் அதே நாசிலுக்குக் கையை நீட்டுவார். 1984-85-ல் கலிஃபோர்னியாவில் ஒரு உடல் எடை குறைப்பு கிளினிக்கில் ஜெட் ஊசி போட்டவர்களிடம் ஹெபடைட்டிஸ் பி பரவியது ஆய்வில் உறுதியாச்சு. 1997-ல் அமெரிக்க ராணுவம் இந்தத் துப்பாக்கிகளை நிறுத்தியது.

யோசனை சாகலை. ஒவ்வொருத்தருக்கும் தனி முனை, போட்டதும் தூக்கிப் போடு என்று மாத்திட்டாங்க. 2021 ஆகஸ்ட்டில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற ஸைகோவ்-டி கொரோனா தடுப்பூசி இப்படித் தான் ஊசி இல்லாமல் தோலுக்குள் செலுத்தப்பட்டது.

அதே 1997-ல காரிலும் ஒரு மாற்றம் வந்தது. ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் டீசல். அழுத்தம் 1,350 பார். இன்னைக்கு 2,000-ஐத் தாண்டிடுச்சு. பழைய வண்டியில நட்டைத் தளர்த்திப் பார்த்த வித்தையை இதில் செய்யவே கூடாது. எஞ்சினை ஆஃப் பண்ணின பிறகும் ரெயிலில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும்.

இப்போ காயத்துக்கு வர்றேன். பெரும்பாலும் ஆள்காட்டி விரல், பெரும்பாலும் இடது கை, ஏன்னா வலது கை ஸ்பேனரைப் பிடிச்சிருக்கும். குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. முதல் ஒரு மணி நேரம் வலி கூட இருக்காது. "சின்னக் காயம் தான் சார், ஒரு டிடி மட்டும் போட்டு விடுங்க" என்பார். உள்ளே டீசல் விரல் நரம்பு, ரத்தக்குழாய், தசைநாண் உறை வழியா உள்ளங்கை வரைக்கும் போயிருக்கும். இறுக்கமான விரலுக்குள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும், டீசல் திசுவை அரிக்கும். ராத்திரி விரல் வீங்கி வெளுத்து, தூங்க விடாத வலி வரும்.

கையில் இப்படிப் பீய்ச்சப்பட்ட 435 பேரின் விவரங்களைத் தொகுத்து 2006-ல் வந்த ஆய்வில் சுமார் 30% பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டி வந்தது. பெயிண்ட், பெட்ரோல், எண்ணெய் வகைக் காயங்களில் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து உள்ளே சுத்தம் பண்ணினவங்களுக்கு விரல் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலா இருந்தது.

அதனால் உங்களுக்கோ, உங்க மெக்கானிக் அண்ணனுக்கோ, பெயிண்ட் ஸ்ப்ரே அடிக்கிற தம்பிக்கோ, கிரீஸ் கன் பிடிக்கிறவருக்கோ இப்படி ஆனா, பிதுக்கி எடுக்காதீங்க. மஞ்சள் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மோதிரம் போட்டிருந்தா உடனே கழட்டுங்க. கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டு, எதுவும் சாப்பிடாம, அறுவை சிகிச்சை வசதி இருக்கிற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரா போங்க. அங்கே "டீசல் பட்டுடுச்சு"ன்னு சொல்லாதீங்க. "இத்தனை மணிக்கு, ப்ரஷர்ல, தோலுக்குள்ள டீசல் போயிருக்கு"ன்னு சொல்லுங்க. பெயிண்ட்டோ தின்னரோ என்றால் டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.